பச்சையை அடைத்த கண்ணாடி

தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியைக் கழற்றிக் கத்தரிக்காய்க் கொட்டகைக்கு வெளிச்சம் அடிக்க வைக்கப்போகிறோம் என்று சொல்வதற்கு ஊர்த் தலைவர் ஆவுடையப்பனே நேரில் வந்திருந்தார். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். ஆனால் முப்பிடாதியின் முகம் போகிற போக்கைப் பார்க்கிற ஆசை அவருக்கு. அந்த ஆசையில் மண்ணைப் போடவேண்டும் என்றே அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். இருபது வருஷப் பகையில் இரண்டு பேருமே நன்றாகத் தேறியிருந்தார்கள்.

"விளக்கு மலையேற்றும் நாள் முடியட்டும். மறுநாளே ஆள் வருவாங்க. பெரிய கண்ணாடியை அலுங்காமக் கழட்டிக் குடுத்திரு," என்றார் ஆவுடையப்பன்.

"கத்தரிக்காய் திங்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா தலைவரே?"

"உயிரோட இருக்கிறவன் திங்கணும்லா? செத்தவங்களை எத்தனை வருஷம்தான் எட்டி எட்டிப் பாக்கிறது?"

"செத்ததை நீங்க பாத்தீங்களோ?"

"நான் எதுக்குப் பாக்கணும்? வருஷா வருஷம் நீதானே சபை நடுவுல நின்னு சொல்லுதே, அங்கே யாரும் இல்லேன்னு. உன் வாயாலதானே சொல்லுதே?"

அவர் போனபிறகு முப்பிடாதி மேஜையை ஓங்கிக் குத்தினாள். கை வலித்ததுதான் மிச்சம். அந்த ஆள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் எரிச்சல்.

இவர்கள் இருந்தது குளிர்பாறை என்கிற துணைக்கோளில். காற்று கிடையாது, வானம் எந்நேரமும் கருப்பு. ஜனங்கள் பாறைக்குள் குடைந்த ஊரில் இருந்தார்கள். மேலே பாறை உச்சியில் இந்த வானாய்வுக்கூடம் மட்டும் தனியாக நின்றது. இவர்களுடைய சொந்த ஊர் வேறு. அதன் பேர் பச்சைத்துறை. கொள்ளி என்று இவர்கள் பேர் வைத்திருந்த கிழட்டு விண்மீனைச் சுற்றி அந்த ஊர் மிதந்துகொண்டிருந்தது.

கொள்ளி ஒரு காலத்தில் சாதுவான சூரியனாக இருந்ததுதான். வயசாகி, ஊதிப் பெருத்து, மேல்தோலை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, உள்ளே இருந்த கரு மட்டும் வெள்ளை வெளேரென்று நடுவில் நின்றது. தள்ளிய தோல் வளையமாய்ப் பரந்து, நடுக்கருவின் சூட்டில் பச்சையாக ஒளிர்ந்தது. இப்படிப்பட்ட வளையத்துக்குக் கோள் நெபுலா என்று பேர். அதில் கோளும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஏதோ ஒரு காலத்தில் சின்னத் தொலைநோக்கியில் பார்த்தவன், வட்டமாகத் தெரிகிறதே, கோள் போல இருக்கிறதே என்று வைத்த பேர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த வாயுவை வாரிக் கொண்டுவந்து விற்பதுதான் பச்சைத்துறையின் பிழைப்பு. சின்னச் சின்னப் படகுகள் பச்சைப் புகைக்குள் போகும், வாரும், திரும்பும்.

அடங்கிவிட்டது என்று எல்லோரும் நம்பியிருந்த கொள்ளி ஒருநாள் மறுபடி பற்றிக்கொண்டது. கருவின் மேல் சாம்பல் மூடிய கங்கு மாதிரி மிச்சமிருந்த ஹீலியம் திடீரென்று எரிந்தது. ஊரைக் காலி செய்ய மூன்று கப்பல்கள்தான் இருந்தன. மூன்றாவது கப்பலின் கேப்டன் ஆவுடையப்பன். அவர் கதவை மூடச் சொன்னபோது வெளியே ஆயிரம் பேருக்கு மேல் நின்றார்கள். முப்பிடாதியின் தங்கை பேச்சி அதில் ஒருத்தி. அவள் காவல் மாடத்துக்காரி. புகைக்குள் மாட்டிக்கொண்ட கடைசிப் படகுகளை விளக்குக் காட்டிக் கரையேற்றிவிட்டு ஓடிவந்தாள். முப்பிடாதி கப்பலுக்குள் நின்று கதவைக் குத்திக்கொண்டே இருந்தாள். அன்றைக்கும் கை வலித்ததுதான் மிச்சம்.

கப்பலில் நாற்பது வருஷம் உறங்கியே வந்தார்கள். குளிர்பாறையில் இறங்கியதும் வீடும் நிலமும் பங்கு வைத்தார்கள். விடுபட்டவர்கள் பங்கு என்று ஒன்று இருந்தது. அதைச் சும்மா போட்டுவைக்க எவனுக்கு மனசு வரும்? செத்துவிட்டார்கள் என்று உறுதியானால் எடுத்துக்கொள்ளலாம் என்று சபை முடிவு செய்தது. அதற்காக வந்ததுதான் மலையேற்றும் நாள். விளக்கை அணைத்தான் என்று வாயால் சொல்லக் கூடாது, மலையேற்றினான் என்றுதான் சொல்லவேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டல்லவா? அந்த நாளில் வீட்டுக்கு ஒரு விளக்கை ஏற்றிக்கொண்டு எல்லோரும் சபைக்கு வருவார்கள். வானாய்வுக்கூடத்தின் தலைமை ஆள் நடுவில் நின்று, "அங்கே யாரும் இல்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதும் எல்லோரும் விளக்கை மலையேற்றிவிட்டு, இன்னொரு வருஷத்துக்குக் குற்ற உணர்ச்சி இல்லாமல் வீட்டுக்குப் போவார்கள்.

சொல்கிறவள் முப்பிடாதி. ஒரு பொட்டு வெளிச்சமாவது கண்ணில் படாதா என்றுதான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். இத்தனை வருஷமாய்ப் படவில்லை.

"போறப்போ ஒரு தடவை பச்சையில பாத்துட்டுப் போறேன்," என்றாள் அவள், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மாசிலாமணியிடம். அன்றைக்கு மதிய வேளையில்.

"பச்சையிலயா? எதுக்குக்கா? கண்ணு கூசும். நெபுலாவைத் தவிர ஒண்ணும் தெரியாது."

"தெரியாட்டிப் போகுது. அந்தப் பாழாப்போன ஊரோட நிறம் அதுதானே? கடைசியா ஒரு வாட்டிப் பாத்துக்கிடுதேன். உன் அப்பன் வீட்டுச் சொத்தா கரைஞ்சிரும்?"

மாசிலாமணி பொரிகடலைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தான். எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கிற ஆள். வேலையில் கெட்டிக்காரன், வம்பு என்றால் முதலில் ஓடுகிறவனும் அவன்தான். அவனும் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் குடியிருக்கும் வீடு விடுபட்டவர்கள் பங்கில் வந்தது. மலையேற்றும் நாளில் அவனை விட வேகமாக விளக்கை ஊதுகிற ஆளைப் பார்க்க முடியாது.

தொலைநோக்கிக்குள் ஒரு சக்கரம் உண்டு. நிறக் கண்ணாடிகளை அதில்தான் பதித்திருப்பார்கள். சக்கரத்தைத் திருப்பினால் வேண்டிய கண்ணாடி 'டக்' என்று குறுக்கே வந்து நிற்கும். இத்தனை வருஷமாக அதில் நின்றது பச்சையை அடைக்கும் கண்ணாடி. அது முப்பிடாதியின் யோசனை. நெபுலாவின் வெளிச்சத்தில் பெரும்பங்கு பச்சை. அந்தப் பச்சை நடு விண்மீனை மூடி மறைத்துவிடும். பக்கத்தில் ஒரு மனுஷ விளக்கு எரிந்தாலும் தெரியாது. பச்சையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டால் நெபுலா மங்கிப்போகும், நடுவில் இருப்பது பளிச்சென்று தெரியும். அவ்வளவு புத்திசாலித்தனம்! வந்த புதிதில் சபையே கைதட்டியது. அப்புறம் அப்படி ஒரு கண்ணாடி இருக்கிற நினைப்பே ஊரில் யாருக்கும் இல்லை.

மாசிலாமணி சக்கரத்தைத் திருப்பினான். பச்சைக் கண்ணாடி குறுக்கே வந்தது. திரை முழுக்கப் பச்சைத்துறையின் வானம் நிறைந்தது. மடல் மடலாய்ப் பிரிந்த வளையம், அதன் ஓரத்து முடிச்சுகள், உள்ளே இருட்டுப் பள்ளம். நடு விண்மீன் எல்லா நிறத்திலும் எரிகிறது; பச்சை ஒன்றை மட்டும் உள்ளே விட்டால் அது சோர்ந்துபோகும், நெபுலா மட்டும் அப்படியே நிற்கும். நெபுலா எது, விண்மீன் எது என்று பிரித்துப் பார்க்கப் பழைய ஆட்கள் செய்கிற வேலை இது. கண்ணாடியை வைத்து வைத்து எடுப்பார்கள்; எது கண் சிமிட்டுகிறதோ அது விண்மீன்.

"திரும்ப மாத்து," என்றாள். மாற்றினான். "இப்ப வை." வைத்தான்.

விண்மீன் சோர்ந்தது. அதற்குப் பக்கத்தில், மயிரிழை தள்ளி, ஒரு புள்ளி சோராமல் நின்றது.

"மாசி, கண்ணாடியில அழுக்கா?"

"நான் துடைச்சு வச்ச கண்ணாடில அழுக்கா? என்னக்கா பேசுதீங்க?"

புள்ளி அணைந்தது. எரிந்தது. நீளமாக ஒன்று. மறுபடி நீளமாக ஒன்று. அப்புறம் குட்டையாக ஒன்று, அவசர அவசரமாக இன்னொரு குட்டை.

நீளம், நீளம், குட்டை என்பது பச்சைத்துறைப் படகுக்காரர்கள் பாஷை. வந்துக்கிட்டிருக்கோம், கதவைத் திறந்து வை என்று அர்த்தம். துறையும் அதையே திருப்பி அடிக்க வேண்டும். குட்டை ஒன்றுதான் அடிப்பது முறை. அதை இரண்டாக அடிக்கிற அவசரக்குடுக்கை ஊரிலேயே ஒருத்திதான். அதற்காக முப்பிடாதி எத்தனை தடவை அவள் தலையில் குட்டியிருக்கிறாள்!

"பேச்சி," என்றாள். "அடி பாவி, பேச்சி!"

அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அது அழுகையை நிறுத்திவிட்டது.

பச்சைத்துறைக் காவல் மாடத்தில் எல்லோரும் பச்சைக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள். புகை எந்தப் பக்கம் புரள்கிறது என்பது அதில்தான் தெரியும். அதனால் காவல்காரன் கண்ணில் படவேண்டும் என்றால் பச்சையில்தான் விளக்கு ஏற்றவேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. வானொலிக்கு யாரும் பதில் சொல்லாதபோது பேச்சி வேறு எந்த நிறத்தில் ஏற்றுவாள்? வானொலி ஏரியலை இரண்டாம் வருஷமே சபை பிரித்து, தண்ணீர்ப் பம்புக்குச் செம்பு எடுத்துவிட்டது. மிச்சம் இருந்த ஒற்றைக் கண்ணில் பச்சையை அடைத்தது யார்? அவளுடைய அக்காவேதான். எப்படிப் பிழைத்தாளோ, எத்தனை வருஷமாக விளக்கு எரிகிறதோ, எத்தனை வருஷமாக அக்கா பார்ப்பாள் என்று ஏற்றிக்கொண்டிருந்தாளோ! அதை ஒரு கண்ணாடித் துண்டால் மறைத்துவிட்டு, சபை நடுவில் போய், அங்கே யாரும் இல்லை, யாரும் இல்லை என்று கூவியிருக்கிறாள். முப்பிடாதிக்கு ஆவுடையப்பன் மேல் இருந்த வெறுப்பு முழுக்க ஒரு நிமிஷம் தன் பக்கமே திரும்பியது. தாங்க முடியவில்லை.

அடுத்த சில நாள் இரண்டு பேரும் அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விண்மீன் இருந்த இடத்திலேயே இருந்தது. புள்ளி நகர்ந்தது, பிரகாசமும் கூடியது.

"இது கொள்ளிகிட்ட இல்லக்கா," என்றான் மாசிலாமணி. "இங்கே வருது. கப்பல் கட்டிட்டாங்க. இவ்வளவு சீக்கிரம் நகருதுன்னா ரொம்பக் கிட்ட வந்தாச்சு. அங்கேருந்து இங்கே வெளிச்சம் வர அரை நாள் ஆகுமோ என்னமோ, அவ்வளவுதான்."

"நம்ம பக்கம் வேகத்துல வந்தா விளக்கு நிறம் மாறித் தெரியணுமே. நீலத்துக்குப் போகணுமே."

"அதைத்தான் நானும் பாத்தேன். அதுக்குத் தக்கபடி விளக்கோட நிறத்தை மாத்தி மாத்தி ஏத்தியிருக்காங்க. நம்மகிட்ட வந்து சேரும்போது சரியா அந்தப் பச்சையா இருக்கணும்னு கணக்குப் போட்டு…"

முப்பிடாதி எழுந்து சுவர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். தங்கச்சி கப்பல் கட்டி முடிக்கும்வரை விழித்திருந்தவள். அக்காக்காரி நாற்பது வருஷம் உறங்கியே வந்தவள். இப்போது பேச்சிக்குத் தன்னைவிட வயசு கூடியிருக்கும்.

"பதில் விளக்குக் காட்டணும்," என்றாள்.

"பதிலா? எதுக்கு? வந்து இறங்கினா என் வீடு யாருக்கு? என் பிள்ளைங்க எங்கே போவும்? ஊர்ல எத்தனையோ வீடு அவங்க வீடு அக்கா! சும்மா வருவாங்களா? கதவை மூடிட்டு வந்தவங்களைக் கொஞ்சவா வருவாங்க?"

"பதில் இல்லேன்னா என்ன நடக்கும்னு தெரியாதா உனக்கு? நீயும் பச்சைத்துறையில பொறந்தவன்தானே?"

அவனுக்குத் தெரியும். துறை பதில் சொல்லாவிட்டால் அது எதிரித் துறை. படகு தன் விளக்கை அணைத்துக்கொண்டு, இருட்டில் வந்து, கதவை உடைத்து இறங்கும். கொள்ளையர் பிடித்த துறைகளை மீட்பதற்கென்று படகுக்காரர்கள் போட்டுக்கொண்ட சட்டம். விளக்கு எரிகிற வரைக்கும் கேட்கிறார்கள் என்று அர்த்தம். அணைந்துவிட்டால் கேட்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

மாசிலாமணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போனான். நேரே தலைவர் வீட்டுக்குத்தான் போனான் என்பது ஆவுடையப்பன் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது தெரிந்தது. பின்னாலேயே அவனும் வந்து மூலையில் ஒதுங்கி நின்றான். முப்பிடாதி அவனைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றியிருக்கும்.

ஆவுடையப்பன் திரைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். புள்ளி எரிவதும் அணைவதும் அவர் முகத்தில் விழுந்தது.

"இது எப்போ முளைச்சுது?"

"இப்பத்தான் கண்ணுல பட்டுச்சு ஐயா," என்றான் மாசிலாமணி, முந்திக்கொண்டு. பச்சையை அடைத்த கதையை அவன் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடியை இழைத்துக் கொடுத்தது அவன்தானே.

"என்ன சொல்லுது?"

"படகுக்காரன் பாஷை," என்றாள் முப்பிடாதி. "உங்களுக்குத் தெரியாது."

"எனக்கு எதுக்குத் தெரியணும்? நான் கப்பல் ஓட்டினவன். புகை வாருறவன் விளக்கை ஆட்டுறதையெல்லாம் பாத்துக்கிட்டா இருந்தேன்?"

"வாரோம், கதவைத் திறன்னு சொல்லுது. பதில் கேக்குது. பதில் சொல்லுங்க தலைவரே. அந்த ஒரு பாவத்தையாவது கழுவிக்கிடலாம்."

"பாவமா?" அவர் திரும்பினார். "இந்தா பாரு, நான் அந்தக் கதவை மூடலைன்னா நீயும் இல்ல, இவனும் இல்ல, உள்ளே இருந்த மூவாயிரம் பேரும் இல்ல. கப்பல் கிளம்பியிருக்காது. கதவை மூடினது நான், உயிரோட வந்தது நீ. வந்துட்டு என்னைத் திட்டுதே. திட்டு. ஆனா அந்தக் கப்பல்ல வாரவன் திட்ட வரமாட்டான். கொல்ல வருவான். அவன் இடத்துல நான் இருந்தா கொல்லத்தான் வருவேன்."

அதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. மனுஷன் தன்னை அளந்து ஊரை அளக்கிறார் என்று முப்பிடாதி நினைத்தாள்.

"கல்லெரி இருக்கு," என்றார் அவர். "அதை இந்தப் பக்கம் திருப்பலாம்."

கல்லெரி என்பது ஊர் மேல் விழ வருகிற விண்கற்களைச் சுட்டுப் பொசுக்கும் கதிர். ஊரிலேயே பெரிய வெளிச்சம் அதுதான்.

"கப்பல் இருக்கிற இடத்தைச் சொல்லு. இந்தப் பச்சைக்கு நடுவுல கல்லெரிக்காரனுக்கு எங்கே குறி தெரியப்போவுது? உன் கண்ணுக்குத்தான் தெரியும். சொல்லமாட்டேன்னா இப்பவே சொல்லு. இந்தக் கூடத்தையும் உன்னையும் சேர்த்துப் பூட்டிட்டு, இருக்கிற திசை பூரா அடிக்கச் சொல்லுதேன்."

முப்பிடாதி வாயைத் திறந்தாள். வாயில் வந்தது கெட்ட வார்த்தை. அதை விழுங்கினாள். திரையைப் பார்த்தாள், நீளம், நீளம், குட்டை, குட்டை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சொல்லுதேன்," என்றாள்.

மாசிலாமணி நிமிர்ந்தான். ஆவுடையப்பனுக்கே நம்ப முடியவில்லை. "தங்கச்சி இருப்பாளே அதுல?"

"உங்களுக்கு இடம் வேணுமா, என் குடும்பக் கதை வேணுமா? இடத்தைச் சரியாக் குறிச்சுத் தாரேன். ஆனா ஒரே மூச்சா அடிக்கச் சொல்லாதீங்க. இவ்வளவு பலத்துல குழாய் சூடேறி வெடிச்சிரும். விட்டு விட்டு அடிக்கணும். ரெண்டு நீளம், ஒரு குட்டை. அதையே திருப்பித் திருப்பி."

"என்னவே மாசிலாமணி, சரிதானா? அவ்வளவு தூரம் போய்ச் சேருமா?"

மாசிலாமணி முப்பிடாதியைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தான்.

"சேரும் ஐயா," என்றான். "அவங்க சொன்னபடியே அடிக்கச் சொல்லுங்க."

தலைவர் குறிப்பை வாங்கிக்கொண்டு போனார். மலையேற்றும் நேரத்திலேயே அடித்துவிடுவது என்று முடிவு. ஊரே சபையில் இருக்கும், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

கதவு மூடியதும் மாசிலாமணி தாழ்ந்த குரலில் சொன்னான்: "கல்லெரி குழாயை விட்டு வெளியே வரும்போது கை அகலம். அந்தத் தூரம் போறதுக்குள்ள விரிஞ்சு விரிஞ்சு இந்தப் பாறையையே போத்துற அகலம் ஆயிரும். ஒரு தூசியைக்கூடச் சுடாது அக்கா."

"தெரியும்."

"வெறும் விளக்குத்தான்."

"அதுவும் தெரியும்."

"கல்லெரி பச்சை கிடையாதே. அவங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு நிறத்தை அடைச்சுக்கிட்டுப் பாக்க அவங்க என்ன என்னை மாதிரி முட்டாளா?" என்று சீறினாள். பிறகு, "போய்ச் சொன்னவன் நீ. ஏன் இப்போ மாத்திச் சொன்னே?" என்றாள்.

"உங்களுக்காக இல்ல," என்றான் அவனும் அதே கடுப்போடு. "அவரு சொல்ற மாதிரி ஒரே அடியில முடிஞ்சிரும்னு நினைச்சுத்தான் போனேன். கல்லெரிங்கிறாரே அந்த மனுஷன்! திசை பூரா அடிச்சா அது சுடாது, பதிலும் போகாது. விளக்கை அணைச்சுட்டு வந்தா முதல்ல உடையுறது என் வீட்டுக் கதவு. விளக்கு எரிய வந்தா பேசிப் பாக்கலாம். ரெண்டு அறையில ஒண்ணைக் குடுக்கலாம்." பொரிகடலைப் பொட்டலத்தை எடுத்தான், பிரிக்காமல் திரும்ப வைத்தான்.

மலையேற்றும் நாளன்று சபை நிறைந்திருந்தது. வீட்டுக்கு ஒரு விளக்கு என்று கைகளில் வெளிச்சம். முப்பிடாதி நடுவில் போய் நின்றாள். எந்த வருஷமும் இந்த இடத்தில் அவள் குரல் இறங்கிவிடும். ஜனங்கள் அதைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். அது அவர்களுக்கு ஒரு திருப்தி. இந்தத் தடவை குரல் கணீரென்று வந்தது.

"அங்கே யாரும் இல்லை!"

உண்மைதானே? கொள்ளியில் யாரும் இல்லை. கிளம்பிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சபையில் தெரிந்தே சொன்ன முதல் உண்மை அது.

ஜனங்கள் குனிந்து விளக்குகளை மலையேற்றத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் கூரை விளக்குகள் மங்கின. கல்லெரி மின்சாரத்தை இழுக்கிறது. நீளமாக ஒரு மங்கல். நீளமாக இன்னொன்று. குட்டையாக ஒன்று. மறுபடி நீளம், நீளம், குட்டை.

பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளவில்லை, மின்சாரம் கெட்டுப்போச்சு என்று முணுமுணுத்தார்கள். ஆனால் அங்கங்கே சில தலைகள் சட்டென்று நிமிர்ந்தன. பழைய படகுக்காரன் ஒருவன் ஊதப்போன விளக்கை ஊதாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். பின்வரிசையில் ஒரு பொம்பளை வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். யார் யார் நிமிர்ந்தார்கள் என்று முப்பிடாதி ஒவ்வொரு முகமாகப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டாள். வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்க ஆள் வேண்டுமே.

மறுநாள் ஆவுடையப்பன் வருவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. பச்சைக் கண்ணாடியில் புள்ளி கொஞ்ச நேரம் எரியாமல் கிடந்தது. அவ்வளவுதான், அணைத்துவிட்டார்கள், எல்லாம் போச்சு என்று முப்பிடாதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் எரிந்தது. எரிந்தது எரிந்தபடியே நின்றது, சிமிட்டவில்லை. பதில் கிடைத்த படகு விளக்கைச் சிமிட்டாது; நேரே பிடித்துக்கொண்டு வரும். கடைசியில் ஒரே ஒரு தடவை, யாரோ பொறுக்க மாட்டாமல், அவசர அவசரமாக இரண்டு குட்டை அடித்தார்கள்.

முப்பிடாதி சிரித்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "வா, வா. வந்து என் தலையில குட்டு," என்றாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் சக்கரத்தைத் திருப்பினாள். 'டக்'. பச்சையை அடைக்கும் கண்ணாடி பழையபடி குறுக்கே வந்து நின்றது.

ஆவுடையப்பன் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். மங்கிய வளையம். நடுவில் வெள்ளையாக விண்மீன். பக்கத்தில் வெறும் இருட்டு.

"எங்கே?"

"நல்லாப் பாத்துக்கோங்க," என்றாள் முப்பிடாதி.

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, திரையின் அருகே போய்ப் பார்த்தார். விலகி வந்து பார்த்தார். மூலையில் மாசிலாமணி நின்றான். "என்னவே?" என்று அவனிடம் கேட்டார். "நேத்து இருந்துச்சே?"

"நேத்து இருந்துச்சு ஐயா," என்றான் மாசிலாமணி. "இப்போ இந்தத் திரையில இல்ல."

கிழவருக்குத் தோள் தளர்ந்தது. சந்தோஷப்படுவார் என்று முப்பிடாதி எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்து முகத்தைக் கையால் வழித்துக்கொண்டார். "ரெண்டாம் வாட்டி," என்றார் தனக்குள். கதவை மூடிய அன்றைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாரோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தோன்றினால் என்ன? இரண்டாம் வாட்டியும் மூடியவர்தானே.

கொஞ்ச நேரத்தில் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். குரலும் பழைய குரலாகிவிட்டது. "இனி இங்கே பாக்க ஒண்ணும் இல்ல. பெரிய கண்ணாடியைக் கழட்ட இன்னைக்கே ஆளை அனுப்புதேன். மறுபடி வம்பு பண்ணாதே."

"தாராளமா எடுத்துக்கோங்க தலைவரே. நானே ஒரு கை பிடிச்சு இறக்கித் தாரேன்," என்றாள் முப்பிடாதி.

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். ஒன்றும் பிடிபடாமல் வெளியேறினார். அந்தப் பச்சை இன்னும் கொஞ்ச நாளில் எந்தக் கண்ணாடியும் இல்லாமலே தெரியும்; பாறை உச்சிக்கு வந்து அண்ணாந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் சேர்த்து.